ஜோ ரஸ்ஸல் என்றொரு மதுக்கடைக்காரர்

1932ஆம் ஆண்டில் ஹவானாத் துறைமுகத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இருக்கிறது. பிடிபட்ட மார்லின் மீன் ஒன்று. அதனருகே எர்னெஸ்ட் ஹெமிங்வே. கூடவே, கையிலிருக்கும் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி இன்னொரு மனிதர். பார்ப்பவரின் கண் முதலில் மீனுக்குப் போகும், பிறகு எழுத்தாளருக்கு. கோப்பைக்காரரிடம் அது நிற்பதில்லை. அவர் பெயர் ஜோ ரஸ்ஸல். அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடாவின் வால்போல நீளும் தீவுகளின் கடைசியில் கிடக்கிற கீ வெஸ்ட் என்ற சிற்றூரில் மதுக்கடை வைத்திருந்தவர். அந்தப் புகைப்படத்தில் அவர் கடைக்காரராகக்கூட இல்லை. ஹெமிங்வேயை ஹவானாவுக்கு அழைத்துப் போன படகின் சொந்தக்காரராக நிற்கிறார்.

எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மனைவியர், பதிப்பாளர்கள், பகைவர்கள் ஆகியோரைத் தாண்டி, பெயரடைவில் இரண்டு மூன்று பக்க எண்களோடு ஒதுங்கி நிற்கும் மனிதர்களைத் தேடிப் பார்ப்பேன். அவர்களில் பலரும் ஒரு வரியோடு முடிந்துவிடுவார்கள். ஜோ ரஸ்ஸல் அப்படி முடியவில்லை. ஒரு பக்கத்தில் படகோட்டியாக, இன்னொன்றில் கள்ளக்கடத்தல்காரராக, மற்றொன்றில் கடைக்காரராக, கடைசியில் ஒரு மரணச் செய்தியாக என்று வந்துகொண்டே இருந்தார். தன் கையால் எழுதி அவர் விட்டுச்சென்றதாக எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் எழுதியவை, ஊரார் சொன்னவை. எனவே இங்கே எழுதுவதில் எது நடந்தது, எது கதை என்பதைக் கூடியவரை பிரித்துச் சொல்லவே விரும்புகிறேன்.

அவர் 1889இல் பிறந்தவர். ஹெமிங்வேயைவிடப் பத்து வயது மூத்தவர். கீ வெஸ்டின் மண்ணின் மைந்தர்களைச் சங்கு என்று பொருள்படும் 'காங்க்' என்ற பெயரால் அழைப்பார்கள். ரஸ்ஸல் அப்படியொரு காங்க். கவிழ்ந்த கப்பல்களிலிருந்து சரக்குகளை மீட்டும், கடற்பஞ்சு எடுத்தும், சுருட்டுச் சுற்றியும் ஒருகாலத்தில் கொழித்த ஊர் அது. சுருட்டுத் தொழில் டாம்பாவுக்கு நகர்ந்தது, பஞ்சும் போயிற்று. 1930இன் மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 12,800 பேர். 1934இல் நகராட்சி திவாலாகி, நிர்வாகத்தை மாநில ஆளுநரிடம் ஒப்படைத்துவிட்டது. பாதி ஊர் நிவாரணத்தில் வாழ்ந்த அந்த வருடங்களில்தான் நம் கதாநாயகர் கடை நடத்தினார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். வசதியான ஊரில் மதுக்கடை நடத்துவது வேறு, அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்கள் குடிக்க வரும் ஊரில் நடத்துவது வேறு.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை அமலில் இருந்தது. கீ வெஸ்டிலிருந்து கியூபா தொண்ணூறு மைல். கியூபாவில் ரம் தாராளம். கரையில் அதற்குக் காத்திருந்த தாகமும் தாராளம். ரஸ்ஸலிடம் 'அனிட்டா' என்ற படகு இருந்தது. மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. கொண்டுவந்த சரக்கை விற்பதற்கு ஊருக்குள் ஒரு மறைவுக்கடையும் வைத்திருந்தார். 1928இல் கீ வெஸ்டுக்கு வந்திறங்கிய இளம் எழுத்தாளருக்கு ஸ்காட்ச் விஸ்கி கிடைத்தது அவரிடம்தான்.

இருவரும் நண்பர்களானது எப்படி என்பதற்கு ஊரில் வழங்கும் கதை இது. ஹெமிங்வே தன் பதிப்பாளர் அனுப்பிய ஆயிரம் டாலர் காசோலையோடு உள்ளூர் வங்கிக்குப் போகிறார். கசங்கிய கால்சட்டையும் செருப்புமாக வந்த ஆளைப் பார்த்த வங்கி, பணம் தர மறுக்கிறது. அவர் ரஸ்ஸலிடம் வருகிறார். ரஸ்ஸல் காசோலையை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அப்படியே நடந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இத்தகைய கதைகள் சொல்லச் சொல்லச் சீராகிவிடும். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. எழுத்தை நம்பி வந்த தொகை அது. அதை மதித்துப் பணமாக மாற்றியவர் அந்த எழுத்தின் வாசகர் அல்ல. எதிரே நின்ற ஆளைப் பார்த்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் என் நினைவுக்கு வரும் ஒருவரைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை இருந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிற்றிதழ், அச்சகத்திலிருந்து இரவுப் பேருந்தில் கட்டாக வந்து இறங்கும். நடத்துனர் கட்டை அந்தக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் அதைச் சர்க்கரை மூட்டைக்கும் அரிக்கன் விளக்குக்கும் நடுவே, ஈரம் படாத மூலையில் வைத்திருந்து, நாங்கள் போனால் எடுத்துத் தருவார். ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியதில்லை. வெளியூரிலிருந்து எழுத்தாளர் யாராவது வந்தால், பெட்டியை அவர் கடையில் வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவது. ஐந்தாவது இதழில் நன்றிப் பட்டியலில் அவர் பெயரைப் போடலாமென்று நண்பர் போய்க் கேட்டபோது, "பேரெல்லாம் எதுக்கு தம்பி, போன மாசத்துப் பாக்கிய மட்டும் குடுங்க, போதும்" என்றார். இதழ் ஏழோடு நின்றது. கடை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் இருந்தது. ரஸ்ஸலைப் பற்றிப் படிக்கும்தோறும் அந்தச் சர்க்கரை மூட்டை என் கண்முன் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அவர் விற்றது தேநீர், இவர் விற்றது ரம் என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை.

1933 டிசம்பர் 5. மதுவிலக்கு ரத்தான அதே நாளில் ரஸ்ஸல் தன் கடையைச் சட்டப்படி திறந்துகொண்டார். கடைக்கு முதலில் 'குருட்டுப் பன்றி' என்று பெயர். மறைவுக்கடைகளுக்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த கேலிப்பெயர்களில் அதுவும் ஒன்று. நடனத்துக்கு இடம் ஒதுக்கியதும் 'வெள்ளிச் செருப்பு' என்று கௌரவமான பெயருக்கு மாறிற்று. கடைசியில், ஹெமிங்வேயின் யோசனைப்படி என்று சொல்கிறார்கள், ஹவானாவில் புகழ்பெற்றிருந்த ஒரு மதுவிடுதியின் பெயரையே சூட்டிக்கொண்டது: ஸ்லோப்பி ஜோஸ். ஒழுங்கற்ற, நசநசத்த ஜோவின் கடை என்று பொருள் சொல்லலாம். உருகிய பனிக்கட்டியால் எந்நேரமும் ஈரமாகக் கிடந்த ஹவானாக் கடையின் தரையிலிருந்து பிறந்த பெயர் அது. கீ வெஸ்ட் கடைக்கும் அது பொருந்தாமல் இல்லை. கிரீன் தெருவில் அது இயங்கிய கட்டடம் முன்பு பனிக்கட்டிக் கிடங்காகவும் பிணவறையாகவும் இருந்ததென்று ஊரார் சொல்வார்கள்.

கடையில் மதுவை ஊற்றிக் கொடுத்தவர் ஸ்கின்னர் என்ற கறுப்பினத்தவர். முந்நூறு பவுண்டு எடை என்று எழுதியிருக்கிறார்கள். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்மாநிலம் ஒன்றில், வெள்ளையர் குடித்துச் சண்டையிடும் கடையின் மேடைக்குப் பின்னால் நின்று நிலைமையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் அவர். கடைக்காரரைப் பற்றியாவது சில பக்கங்கள் கிடைக்கின்றன. ஸ்கின்னரைப் பற்றி உடல் எடைக்கு மேல் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ரஸ்ஸலை ஒரு மகானாகச் சித்திரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்தக் கடையின் கல்லாவை நிரப்பியவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பி, வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகை கிடைக்காமல், வேலையும் இல்லாமல் அலைந்த முன்னாள் படைவீரர்கள் பல நூறு பேரை அரசு அந்தத் தீவுகளுக்கு அனுப்பி, நெடுஞ்சாலைப் பணியில் ஈடுபடுத்தியிருந்தது. மட்டக்கும்பே தீவுகளில் அவர்களுடைய முகாம்கள். சம்பள நாளில் கீ வெஸ்டுக்கு வந்து, கையிலிருப்பதைக் குடித்து, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு திரும்புவார்கள். அவர்களுக்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று ஸ்லோப்பி ஜோஸ். உடைந்த மனிதர்களின் கூலி ஒரு கடைக்காரரின் வருமானமாக மாறிய கணக்கு இது. எந்த ஊர்ச் சாராயக்கடைக்கும் இந்தக் கணக்கு உண்டு. நல்ல மனிதர் நடத்துவதால் கணக்கு மாறிவிடாது.

1935 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு அந்த முகாம்களின்மீது புயல் அடித்தது. அமெரிக்கக் கரையைத் தாக்கியவற்றில் மிகக் கடுமையான புயல்களில் ஒன்று. வீரர்களை மீட்பதற்கென்று அனுப்பப்பட்ட ரயில் தாமதமாகக் கிளம்பி, வழியிலேயே அலையால் அடித்துத் தள்ளப்பட்டது. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் முன்னாள் வீரர்கள். படகில் அங்கே போய்ப் பிணங்களைப் பார்த்துத் திரும்பிய ஹெமிங்வே, 'நியூ மாஸஸ்' இதழில் செப்டம்பர் 17ஆம் தேதி, அந்த வீரர்களைக் கொன்றது யார் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியவற்றில் இவ்வளவு கோபம் கொண்ட பக்கங்கள் குறைவு. அவற்றைப் படிக்கும்போது ஒன்று தோன்றும்: செத்தவர்கள் அவருக்குச் செய்தித்தாள் எண்ணிக்கையாக இல்லை. ஒரே கடையில் பக்கத்தில் நின்று குடித்தவர்கள். அந்தப் பரிச்சயத்தை அவருக்குக் கொடுத்தது ரஸ்ஸலின் கடைதான்.

ஊர் அவரை எவ்வளவு நேசித்தது என்பதற்குச் சான்றாக எல்லோரும் சொல்வது 1937 மே 5ஆம் தேதி இரவை. கிரீன் தெருக் கட்டடத்தின் சொந்தக்காரர், வார வாடகையை மூன்று டாலரிலிருந்து நான்காக உயர்த்தினார். ஒரு டாலர். ரஸ்ஸல் வாதாடவில்லை. அரைத் தெரு தள்ளி, டுவால் தெரு முனையில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தை வாங்கிவிட்டார். நள்ளிரவில், குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரவர் கோப்பையை ஒரு கையிலும், மேசையோ நாற்காலியோ புட்டியோ எது கிடைத்ததோ அதை மறுகையிலுமாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து புதிய இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். வியாபாரம் நிற்கவே இல்லை என்பார்கள். இலவச மது இருந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருந்தாலும், கடை மாறும்போது வாடிக்கையாளர்களே கடையைத் தூக்கிச் செல்வது எல்லாக் கடைக்காரருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஊர்வலத்தின் முன்வரிசையில் ஹெமிங்வேயையும் நிறுத்திவிடுவதுண்டு. அவர் அன்று ஊரில் இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதுவதற்காக அங்கே போயிருந்தார். பழைய கடையின் சிறுநீர்த்தொட்டி ஒன்றை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்றும் ஒரு கதை உண்டு. வைட்ஹெட் தெருவிலுள்ள அவர் வீட்டில் பூனைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியாக அது இன்றும் காட்டப்படுகிறது. ஆனால் நாற்காலி சுமந்த இரவு அவருடையது அல்ல. அது முழுக்க ரஸ்ஸலுக்கும் அவருடைய ஊராருக்கும் உரியது. அந்த ஓர் இரவையாவது அவரிடமே விட்டுவைக்கலாம்.

அதே 1937இன் அக்டோபரில் 'இருப்பதும் இல்லாததும்' என்று நான் பொருள் சொல்லிக்கொள்ளும் நாவல் வந்தது. அதில் ஃப்ரெட்டி என்ற பெயரில் ரஸ்ஸலின் சாயல் கொண்ட கடைக்காரர் வருகிறார். கதாநாயகன் ஹாரி மார்கன் வாடகைப் படகோட்டி, கடத்தல்காரன். அவன் அனுபவங்களிலும் ரஸ்ஸலின் கடல் பயணக் கதைகள் கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். முன்னாள் வீரர்கள் ஃப்ரெட்டியின் கடையில் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கும் பகுதி நாவலின் மிக உயிருள்ள இடங்களில் ஒன்று. ஆனால் ஃப்ரெட்டி என்னைத் திருப்திப்படுத்தவில்லை. கடையில் நிற்கிறார், படகை வாடகைக்குத் தருகிறார், அவ்வளவுதான். ரஸ்ஸலின் சாகசங்களெல்லாம் ஹாரிக்குப் போய்விட்டன, மிஞ்சியது ஃப்ரெட்டி. ஒரு மனிதரை இரண்டாகக் கிழித்து, வீரத்தை ஒருவனுக்கும் கல்லாவை இன்னொருவருக்கும் கொடுத்ததுபோல. நாவலாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு என்று தெரியும். வாசகனுக்குக் குறைபட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டல்லவா. 1944இல் ஹோவர்ட் ஹாக்ஸ் அதைத் திரைப்படமாக எடுத்தபோது கதை மார்ட்டினிக் தீவுக்குப் போயிற்று, மதுவிடுதிக்காரர் பிரெஞ்சுக்காரர் ஆனார், கீ வெஸ்டே காணாமல் போனது.

ஆயினும் ரஸ்ஸல் தந்ததில் பெரியது அந்த நாவல் இல்லை என்பது என் எண்ணம். 1932 வசந்தத்தில், சில நாட்கள் தங்கித் திரும்பும் உத்தேசத்தோடு அவர் 'அனிட்டா'வில் ஹெமிங்வேயை ஹவானாவுக்கு அழைத்துப் போனார். அது இரண்டு மாதங்களாக நீண்டது. மார்லின் வேட்டையின் பித்து ஹெமிங்வேக்கு ஏறியது அந்தப் பயணத்தில்தான். கார்லோஸ் குட்டியரஸ் என்ற கியூபா மீனவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். அடுத்த ஆண்டும் அதே படகில் போனார்கள். 1934இல்தான் ஹெமிங்வே 'பிலார்' என்ற சொந்தப் படகை வாங்கினார். 1936 ஏப்ரலில் 'எஸ்க்வயர்' இதழில் வந்த கடற்கடிதம் ஒன்றில், தனியே படகில் போய்ப் பெரிய மார்லினைப் பிடித்து, அதைச் சுறாக்களிடம் இழந்து, அழுதுகொண்டிருந்த கிழவர் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அந்தப் பத்தி 1952இல் என்னவாக மலர்ந்தது என்பது தமிழில் 'கடலும் கிழவனும்' படித்த எவருக்கும் தெரியும். கிழவரின் கதைக்கு மூலம் கியூபா மீனவர்கள். ஆனால் அந்தக் கடலுக்கு முதலில் வழிகாட்டியது ஒரு மதுக்கடைக்காரரின் படகு. ரம் கடத்தி ரம் கடத்தி அவருக்கு மனப்பாடமாகியிருந்த வழி அது.

ஹெமிங்வே அவருக்கு 'ஜோசி கிரண்ட்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். கிரண்ட் என்பது கீ வெஸ்டில் ஏழை வீட்டுச் சோற்றுக்குத் துணையாகும் மலிவான மீன். மார்லினின் பெயரை வைக்காமல் இந்த மீனின் பெயரை வைத்ததில் கேலியும் பாசமும் சரிபாதியாக இருந்ததாக எனக்குப் படுகிறது.

1936 டிசம்பரில், கிரீன் தெருக் கடைக்குத் தாயோடும் தம்பியோடும் வந்த மார்தா கெல்ஹார்னை ஹெமிங்வே சந்தித்தார். ரஸ்ஸலின் கடையில் நடந்தவற்றில் உலகம் அதிகம் பேசியது இதைத்தான். சில ஆண்டுகளில் ஹெமிங்வேயின் இரண்டாவது திருமணம் முறிந்தது. அவர் கெல்ஹார்னோடு கியூபாவில் குடியேறினார். கீ வெஸ்டிலிருந்த அவருடைய பெட்டிகள் ஸ்லோப்பி ஜோஸின் பின்னறைக்கு வந்து சேர்ந்தன. முறிந்த வீட்டின் பொருட்களை வைப்பதற்கு எழுத்தாளருக்கு அகப்பட்ட இடம் மதுக்கடையின் பின்னறை.

1941இல் ரஸ்ஸல் ஹவானாவுக்குப் போனார். இம்முறை கடத்துவதற்கு ஒன்றுமில்லை, நண்பரைப் பார்க்கத்தான். போன இடத்தில் இறந்துபோனார். ஐம்பதைச் சற்றே தாண்டிய வயது. வாழ்நாளெல்லாம் கடந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூறு மைலின் மறுகரையில் முடிந்தது.

டுவால் தெரு முனையில் கடை இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. பழைய கிரீன் தெருக் கட்டடமும் கேப்டன் டோனி என்பவரின் பெயரில் மதுக்கடையாகவே தொடர்கிறது. அசல் கடை எது என்ற வழக்கு இரண்டுக்கும் நடுவில் ஓய்ந்தபாடில்லை. 1981 தொடங்கி, ஹெமிங்வேயின் பிறந்தநாளையொட்டி ஜூலை மாதத்தில் அவரைப்போலத் தோற்றமுள்ளவர்களுக்கான போட்டி ஸ்லோப்பி ஜோஸில் நடக்கிறது. வெள்ளைத் தாடியோடு கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். கீ வெஸ்டில் இருந்த ஹெமிங்வே முப்பதுகளில் இருந்த கருமீசைக்காரர். அந்தக் கடையில் குடித்தவருக்கு அந்தத் தாடி கிடையாது. ஜோ ரஸ்ஸலின் சாயல் உள்ளவர்களுக்கு இதுவரை போட்டி எதுவும் கிடையாது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் வேண்டுமே.

ஹெமிங்வே 1961 ஜூலையில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். மறு ஆண்டு அவர் மனைவி மேரி கீ வெஸ்டுக்கு வந்து, கடையின் பின்னறையிலிருந்த பெட்டிகளைத் திறந்தார். கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், புகைப்படங்கள். தேவையானவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். பெட்டிகளை வாங்கி வைத்த ரஸ்ஸல் இறந்து அப்போது இருபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.